ஹெரால்டுக்கு என்ன விலை?

செப்டம்பர் 3, நெம்மேலி

காலை ஷிப்டு ஐ.டி. ஆட்களை என் வேனில் சிறுசேரியில் இறக்கிவிட்டு வந்தால், வாசலில் ஒருத்தர் அப்பாவின் காரைச் சுற்றிச் சுற்றி வருகிறார். ஜெகதீசனாம், மாமல்லபுரத்தில் ரிசார்ட் மேனேஜர். தம்பி ஜான்சன்தான் கூட்டி வந்திருக்கிறான். அறுபத்தொன்பதாம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அப்பா போய் எட்டு மாதம். வண்டி இன்னும் சாவியைத் திருப்பினதும் கிளம்புகிறது.

"எடைக்குப் போட்டா முப்பதாயிரம்கூட வராதும்மா. நான் நாப்பது தரேன். நீச்சல் குளத்தாண்ட நிறுத்துனா கெஸ்ட்டுங்க போட்டோ எடுப்பாங்க."

வண்டியில் பாதிப் பங்கு ஜான்சனுக்கு. தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறான். என் கையெழுத்தும் வேண்டுமே! போட மாட்டேன் என்றேன்.

செப்டம்பர் 4

ஓடுற வண்டிக்கு எடை போட்டு விலையா? கேக்க ஆளில்லன்னு நெனைச்சானா?

செப்டம்பர் 8

நெட்டில் இதே காருக்கு ஒருத்தர் ஒரு லட்சம் போட்டிருக்கிறார், ஒருத்தர் எட்டு லட்சம். எதை நம்ப? எட்டு போட்டவருக்கே போன் செய்தேன். "கேட்டது எட்டு, போனது மூணு" என்று சிரித்தார். இன்னொருத்தர் என் குரலைக் கேட்டதும், "வீட்ல ஆம்பளைங்க இருந்தா குடும்மா" என்றார். தினமும் ஓஎம்ஆர் டிராபிக்கில் வண்டி ஓட்டுறவ நான். கட் பண்ணிட்டேன்.

செப்டம்பர் 11

பெயிண்ட் அடித்தால் விலை ஏறும். சிவப்பு வாங்கி வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 14

பழைய கார் ரிப்பேர் பார்க்கிற நௌஷாத் அண்ணன் செங்கல்பட்டிலிருந்து வந்தார். பெயிண்ட் டப்பாவைப் பார்த்ததும் கத்தினார். "அத்த மொதல்ல கொண்டுபோய்த் திருப்பிக் குடு!" கம்பெனியில் அடித்த பழைய பெயிண்டுக்குத்தான் மதிப்பாம்.

பிறகு அடியில் படுத்துப் பார்த்தார். ஒரே கறுப்புப் பிசுக்கு. உப்புக்காற்றுக்காக அப்பா மாசாமாசம் பழைய இன்ஜின் ஆயிலைத் தேய்ப்பார். 'கார் அடியா, அடுப்படியா' என்று ஜான்சன் கிண்டல் செய்வான். அண்ணன் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார்.

"இன்னாம்மா இது! கடலோரத்துல நின்னுகினு கீது, பொட்டு துரு இல்ல. இன்ஜின் நம்பரும் ஆர்சி புக்கும் ஒத்துப்போவுது. மூணு லட்சத்து அறுவதுக்குக் கொறைக்காத."

அழுதுவிட்டேன்.

செப்டம்பர் 15

ஜான்சனுக்கு இந்த விலை தெரியாது. நாளைக்கே அவன் பங்குக்கு இருபதாயிரம் கொடுத்தால் வண்டி என்னுடையது. யாருக்குத் தெரியப்போகிறது?

எனக்குத் தெரியுமே. அப்புறம் அந்த ஜெகதீசனுக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம்?

செப்டம்பர் 16

ஜான்சனிடம் சொல்லிவிட்டேன்.

"அப்ப வேற ஆளுக்கு வித்துடலாம், ஜெனிஃபர்க்கா."

"நானே வாங்குறேன். உன் பங்கு ஒண்ணு எம்பது."

"லூசா நீ? நேத்து இருவது குடுத்திருந்தா வாங்கிகினு போயிருப்பேனே!"

"தெரியும்டா."

செயினை அடகு வைக்கணும். வைப்பேன். என் செயின், என் வண்டி.

நவம்பர் 20

ஆர்சி என் பெயரில் வந்துவிட்டது.

டிசம்பர் 1

ஜெகதீசன் போன். ரிசார்ட்டில் கல்யாணமாம், பொண்ணு மாப்பிள்ளை வந்து இறங்கப் பழைய கார் வேண்டுமாம். வாடகை சொன்னேன்.

"ஒரு நாளைக்கு இவ்ளோவா?"

"எடைக்கு விடுறதில்ல சார்."

"சரி, டிரைவர் யாரு?"

"நான்தான்."

வெளியே வந்தால் காருக்கு அடியிலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது. ஜான்சன். பக்கத்தில் பழைய ஆயில் டப்பா. நகர்ந்து வெளியே வந்தான், முகமெல்லாம் கறுப்பு.

"இன்னாக்கா பார்க்கிற? மாசம் பொறந்துடுச்சில்ல" என்றான்.