பதில் தட்டாத பதினைந்து நிமிடம்

ஐப்பசி 20, வியாழன்

சோழபுரம் தென்னந்தோப்பில் மண்ணுக்கடியில் புதைத்திருக்கும், ஆபத்துக் காலத்தில் பதுங்குவதற்கான இரும்பு அறையில் மழைநீர் கசிந்தது. வெல்டர் மாரியப்பன் உள்ளே இறங்கி, கசியும் இணைப்புகளை வெல்டிங் செய்தார். புகையை வெளியேற்றும் புளோயரின் இரைச்சலில் குரல் கேட்காது. எனவே ஒவ்வொரு வெல்டிங் ராடு முடிந்ததும் அவர் சுவரை மூன்று முறை தட்ட வேண்டும். மேலே வாயிலில் நிற்பவர் பதிலுக்குத் தட்ட வேண்டும். மேற்பார்வையாளராக இவ்விதியை எழுதியவன் நான். இன்று வாயிலில் நின்றவனும் நான்.

பதினோரு மணிக்கு, உள்ளே இறங்கி வேலை செய்வதற்கான அனுமதிப் படிவத்தை நிரப்பாதது நினைவுக்கு வந்தது. தூறலுக்கு ஒதுங்கிக் காரில் அமர்ந்து நிரப்பினேன். ‘வாயிலில் ஆள் இடைவிடாமல் நிற்கிறார்’ என்ற கட்டத்திலும் டிக் செய்தேன்.

திரும்பியபோது உள்ளே வெல்டிங் வெளிச்சம் இல்லை. தட்டினேன்; பதிலில்லை. ஏணியில் பதறி இறங்கினேன். மாரியப்பன் முகமூடியைத் தூக்கிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“பயந்துட்டியளா சார்? நான் தட்டுனதுக்குப் பதிலக் காணோம். சரி, நாம நிறுத்துனா ஆள் வருதான்னு பாப்போம்னு உக்காந்துட்டேன்.”

“படிவத்தில் கையெழுத்துப் போடப் போனேன்.”

“ஒரு கையெழுத்துக்கு எம்புட்டு நேரம் சார்? நான் மயங்கிக் கெடந்தா அந்தப் பேப்பரா வந்து தூக்கும்? போங்க, மேல போய் நில்லுங்க. இன்னும் ரெண்டு ராடு இருக்கு.”

கசிவு நின்றுவிட்டது. மாரியப்பன் யாரிடமும் சொல்லமாட்டார். சென்ற ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வேலையில், தேநீர் குடிக்க வாயிலை விட்டு நகர்ந்த செல்வத்தை அன்றே வேலையிலிருந்து நீக்கினேன். அவர் சென்றிருந்தது ஐந்து நிமிடம்.

இப்போது படிவத்தில் அந்த டிக்கைக் கோடிட்டு நீக்கிவிட்டு, ‘பதினைந்து நிமிடம் ஆளில்லை’ என்று எழுதியிருக்கிறேன். காலையில் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அதற்கு முன் செல்வத்தின் எண்ணைத் தேட வேண்டும். என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.