லேசான சாப்பாடு

தோட்டத்து வீடு,
ஆயர் தாவார்.
19.2.1983

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் மனைவி வீரம்மா வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பாப்பா நலமாகத்தான் இருக்கிறாள். நான் உயிரோடு இருக்கிறேன், அவ்வளவுதான். உங்களுக்கு இருமல் நின்றதா? கப்பல் பட்டறையில் தூசிக்குள் நிற்கும்போது முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள் என்று எத்தனை தடவை சொல்வது?

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பொங்கலுக்கு வந்துவிட்டுச் சிங்கப்பூருக்குத் திரும்பிய இரண்டாவது வாரம், பள்ளிக்கூடக் கேண்டீனை நம்மிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். ஒன்பது வருடம் நான் இடியாப்பம் பிழிந்து, கடலை அவித்து, அந்தப் பிள்ளைகளின் வயிற்றைப் பார்த்துப் பார்த்து நடத்திய கேண்டீன். யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள் தெரியுமா? உங்கள் சித்தப்பா மகன் ஐயாவுக்கு! சுடுதண்ணீர் வைக்கத் தெரியாதவன் கேண்டீன் நடத்துகிறான்.

தலைமையாசிரியர் யேசுதாசனிடம் போய்க் கேட்டேன். "எங்கையில ஒண்ணும் இல்லைம்மா, மேல உள்ளவங்க முடிவு பண்ணிட்டாங்க. அடுத்த வருசம் பாப்போம்லா" என்றார். அதையும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். ஒன்பது வருடம் என் கையால் தேநீர் குடித்த மனிதர்.

ஐயாவு அங்கே அடுப்பே பற்றவைப்பதில்லை. கம்பி கட்டி வரிசையாகப் பாக்கெட்டுகளைத் தொங்கவிட்டிருக்கிறான். தொட்டால் விரலெல்லாம் மஞ்சளாகிற சோளப்பொரி, உப்பைத் தவிர வேறு ருசி இல்லாத கெரோப்போ வறுவல், பிளாஸ்டிக் பையில் சிவப்பும் பச்சையுமாகக் கலர் ஐஸ். பாக்கெட்டுக்குள்ளே ஒரு பிளாஸ்டிக் மோதிரம் வேறு வருகிறது. பெண் பிள்ளைகள் மோதிரத்துக்காகவே வாங்குகிறார்கள். இந்தத் தோட்டத்துத் தாய்மார்கள் விடியற்காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடுகிறவர்கள், பிள்ளைகளுக்கு வீட்டில் ஒன்றும் கொடுக்க முடியாமல் அனுப்புகிறவர்கள் என்பது அவனுக்குத் தெரியாதா? அந்த வெறும் வயிற்றில்தான் இதெல்லாம் விழுகிறது.

போன வாரம் இருளாயி மகள் வகுப்பிலேயே சிவப்பாக வாந்தி எடுத்தாள். இரத்தம் என்று நினைத்து டீச்சர் அலறி, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள். அவர் வந்து பார்த்து, இரத்தம் இல்லை, ஐஸில் போட்ட சாயம் என்று சொன்னதும் எல்லோரும் சிரித்தார்களாம். இருளாயி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

நம் வீட்டுக் கதையைக் கேளுங்கள். நேற்று குளிக்க வைக்கும்போது பாப்பாவின் விரல்களில் நான்கு மோதிரம். நான் கட்டிக் கொடுக்கிற இடியாப்பத்தைப் பள்ளிக்கூடத்துக் கோழிகளுக்குப் போட்டுவிட்டு இவளும் அவனிடம் வாங்கித் தின்கிறாள். கேட்டால், "எல்லாரும் அதான்மா சாப்பிடுறாங்க, இடியாப்பம் கொண்டு போனா சிரிக்கிறாங்க" என்கிறாள். அடித்துவிட்டேன். அவனுக்கு விழ வேண்டிய அடி என் பிள்ளைக்கு விழுந்தது. அதையும் சேர்த்து அவன் பதில் சொல்ல வேண்டும்.

அவனை அந்தப் பள்ளிக்கூடத்து வாசற்படியிலிருந்து இறக்காமல் நான் ஓயமாட்டேன். அவன் பாக்கெட்டுகளை அவனே சுமந்துகொண்டு போவதை என் கண்ணால் பார்க்க வேண்டும். கல்வி இலாகாவுக்கு மனுப் போடப் போகிறேன். நீங்களும் அவனுக்கு ஒரு வரி கடுமையாக எழுதுங்கள். அண்ணன் சொன்னால் அவன் பயப்படுவான்.

உங்கள் அன்பு மனைவி,
வீரம்மா


தோட்டத்து வீடு,
ஆயர் தாவார்.
30.4.1983

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஐயாவு நம் இரத்தம், அவன் சொல்லித்தான் உங்களுக்குச் சிங்கப்பூர் வேலை கிடைத்தது, அதனால் விட்டுக்கொடு, வீட்டில் ஓய்வாக இரு என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு தடவை படித்தேன். உங்களுக்கு வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆகையால் நீங்கள் சும்மா இருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

மனுவைத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதிய பழைய கிராணியார் மத்தியாஸிடம் எழுதச் சொன்னேன். வெள்ளைக்கார துரை காலத்துக் கிராணி. இங்கிலீஷ் என்றால் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இலாகாவுக்கு மலாயில் எழுத வேண்டுமே! மனிதர் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று நாள் எழுதினார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். சாயம், வாந்தி, மோதிரம், எதையும் விடவில்லை. முப்பத்திரண்டு தாய்மார்கள் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். முதல் கைநாட்டு இருளாயியுடையது.

கடைசியில் என் சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வரி இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். வீரம்மா ஒன்பது வருடமாக விற்றது லேசான சாப்பாடு, பிள்ளைகள் வயிற்றை அழுத்தாது என்று எழுதுங்கள் என்றேன். அவரும் அகராதியைப் புரட்டி எழுதினார். படித்துக் காட்டினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஈஸ்டர் முடிந்த வாரம் இலாகாவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பாக்கெட்டுகளைப் பிரித்தார்கள், ஐஸ் பெட்டியைத் திறந்து மூக்கைப் பிடித்தார்கள், ஐயாவை அன்றைக்கே மூடச் சொல்லிவிட்டார்கள். நல்ல மழை. அவன் அட்டைப் பெட்டிகளைத் தலையில் வைத்து வேனுக்கும் கேண்டீனுக்குமாக நனைந்துகொண்டே நடந்தான். நான் எதிர்ச் சாலையில் குடை பிடித்து நின்று கடைசிப் பெட்டி ஏறுகிறவரை பார்த்தேன். ஒரு பெட்டி கிழிந்து மோதிரமெல்லாம் சேற்றில் கொட்டியது. குனிந்து பொறுக்கினான். என் வயிற்றெரிச்சல் அப்போதுதான் அடங்கியது. நான் பொல்லாதவள் என்று நீங்கள் நினைத்தாலும் பரவாயில்லை, பாயசம் வைத்துக் குடித்தேன்.

ஆனால் மச்சான், பாயசம் செரிப்பதற்குள் இலாகாவிலிருந்து கடிதம் வந்துவிட்டது. யேசுதாசன் சார் என்னைக் கூப்பிட்டுப் படித்துச் சொன்னார். இனி இந்தப் பள்ளியில் 'மக்கானான் ரிங்ஙான்' விற்கக் கூடாது. மனுவில் உள்ளபடி ஐயாவும் அதை விற்றிருக்கிறார், வீரம்மாவும் ஒன்பது வருடமாக அதையே விற்றிருக்கிறார், ஆகையால் இரண்டு பேருக்கும் கேண்டீன் கிடையாது!

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. சார் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். 'மக்கானான்' என்றால் சாப்பாடு, 'ரிங்ஙான்' என்றால் லேசானது, அது சரி. ஆனால் இரண்டையும் சேர்த்துச் சொன்னால் மலாய்க்காரர்களுக்கு அது பாக்கெட் தீனியாம். "யம்மா, நீங்களே உங்க மேல மனுப் போட்டுட்டீங்கலா" என்றார். மத்தியாஸ் கிராணியார் அன்றிலிருந்து எங்கள் லயத்துப் பக்கமே வருவதில்லை.

இப்போது பள்ளிக்கூடத்தில் கேண்டீனே இல்லை. பிள்ளைகள் குழாயைத் திறந்து தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஐயாவு என்னைப் பார்க்கும்போதெல்லாம் இளிக்கிறான். தான் அழிந்தாலும் எனக்கும் கிடைக்கவில்லை என்கிற இளிப்பு. அதை அவன் முகத்திலிருந்து துடைத்தெடுக்க வேண்டும். நானே ஈப்போவுக்குப் போய் இலாகா அதிகாரியைப் பார்க்கப் போகிறேன்.

நீங்கள் ஓர் உதவி செய்யுங்கள். கேண்டீன் உரிமம் ஆரம்பத்திலிருந்து உங்கள் பெயரில்தானே இருந்தது. பெண்பிள்ளை பெயரில் எதற்கு என்று நீங்கள்தான் அப்படி வைத்தீர்கள். உங்கள் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம், என் மனைவிக்கே கொடுக்க வேண்டும் என்று இரண்டே வரி, எழுதி அனுப்புங்கள். உங்கள் கையெழுத்துக்கு அங்கே மதிப்பு இருக்கும்.

கடிதத்தை எதிர்பார்த்திருக்கும்
உங்கள் மனைவி வீரம்மா


தோட்டத்து வீடு,
ஆயர் தாவார்.
16.7.1983

ராமையா அவர்களுக்கு,

நான் கேட்ட இரண்டு வரி கடைசிவரை வரவில்லை. ஏன் வரவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். ஆகையால் சாக்குச் சொல்லிச் சிரமப்பட வேண்டாம்.

போன மாதம் ஈப்போவுக்குப் போனேன். தூக்குச் சட்டியில் இடியாப்பமும் தேங்காய்ப்பூவும் நாட்டுச் சர்க்கரையும், பையில் ஐயாவு விற்ற பாக்கெட் ஒன்றும் எடுத்துப் போனேன். அதிகாரி ஒரு மலாய் அம்மா. என்னைவிட வயது குறைவு, கண்டிப்பான முகம். நான் எனக்குத் தெரிந்த சந்தை மலாயில் வாயைத் திறப்பதற்குள் தூக்குச் சட்டியைத் திறந்துவிட்டேன். "புத்து மாயாம்!" என்று இடியாப்பத்தை மலாயில் சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்தது. ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். பிறகு நான் அவர் மேசையிலிருந்த தண்ணீர்க் கிளாசில் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினேன். தண்ணீர் ஆரஞ்சு நிறமானது. என் கைக்குட்டையை அதில் முக்கி எடுத்துக் காட்டினேன். இதுதான் அது, நான் விற்றது இது, ஒரு கிழட்டுக் கிராணி அகராதியைப் பார்த்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார் என்றேன். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். என் பக்கம் ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்புறம் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, எழுத்துப் பிழையைத் திருத்திவிடலாம், ஆனால் அதற்கு முன்பே உங்கள் வீட்டுக்காரர் கேண்டீனை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாரே என்றார். இருக்கவே இருக்காது என்று நான் சண்டைக்குப் போனேன். அவர் கோப்பை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

உங்கள் கையெழுத்து. கடைசி எழுத்தின் காலை நீளமாக இழுத்துவிடுவீர்களே, அது. மலாய் வாசகத்தை அந்த அம்மா மெதுவாகப் படித்துச் சொன்னார். என் மனைவிக்கு உடம்பு முடியவில்லை, ஆகையால் கேண்டீனை என் தம்பி ஐயாவுக்குக் கொடுத்துவிடவும். தேதி ஜனவரி பதினேழு. மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். காலையில் என் கையால் ஆறு வடை சாப்பிட்டுவிட்டு, முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று டவுனுக்குப் போன நாள். திரும்பி வந்தபோது முடி வெட்டித்தான் இருந்தது. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

உடம்பு முடியவில்லையாம்! அந்த அதிகாரி அம்மா என் கையையும் தோளையும் பார்த்தார். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. நாலு மாதமாக ஐயாவு மேல் வளர்த்து வைத்திருந்த கோபம் அப்படியே எழுந்து வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தது.

ஈப்போவிலிருந்து பஸ் இறங்கி நேராக ஐயாவு வீட்டுக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவன் கொட்டிவிட்டான். "நானா கேட்டேன், அண்ணி? அண்ணன்தான் பொங்கலப்போ சொன்னாரு. பஸ் ஸ்டாண்டுல பையனுங்க எல்லாம் கேண்டீன் அக்கா வீட்டுக்காரருன்னு கூப்பிடுறானுங்க, என் பேரே போச்சுடா, அத நீ எடுத்துக்க, அவ வீட்டுல கிடக்கட்டும்னாரு" என்றான். சத்தியம் செய்யக் கையை நீட்டினான். வேண்டாம், நம்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பொங்கலன்று பையன்கள் அப்படிக் கூப்பிட்டதும் நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை என்பதை அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

ஒரு பெயருக்காகவா? இருளாயி மகள் வாந்தி எடுத்தது, பாப்பா என்னிடம் அடி வாங்கியது, இரண்டு மாதம் பிள்ளைகள் குழாய்த் தண்ணீர் குடித்தது, எல்லாம் உங்களை ஒருவன் ராமையா அண்ணே என்று கூப்பிடவில்லை என்பதற்காகவா? ஐயாவை நான் மழையில் நனைய விட்டேன். அவனுக்காவது நாக்கில் உண்மை இருந்தது. நீங்கள் விட்டுக்கொடு, ஓய்வாக இரு என்று எழுதினீர்களே, அந்தக் கடிதத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கையெழுத்தை வேண்டுமானால் மன்னித்திருப்பேன்.

அன்று ஈப்போ அலுவலகத்திலிருந்து நான் எழுந்து வருவதற்கு முன் புது விண்ணப்பப் பாரம் ஒன்று கேட்டு வாங்கினேன். யார் பெயரில் என்று அதிகாரி அம்மா கேட்டார். என் பெயரில் என்றேன். இந்த நாட்டுப் பாரத்தில் ஒரு வசதி இருக்கிறது. பெண் யாருடைய மகள் என்றுதான் கேட்கிறார்கள். வீரம்மா, சீனியின் மகள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே செத்த என் அப்பாவுக்கு அந்தத் தாளில் இடம் இருந்தது. உங்கள் பெயருக்கு இடமே இல்லை. ஒன்பது வருடம் இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் இருந்திருக்கிறேன்.

உரிமம் ஜூன் விடுமுறை முடிந்ததும் வந்துவிட்டது. சாயம் போட்ட தீனியும் பாக்கெட்டும் விற்கக் கூடாது என்ற வரியை நான்தான் கேட்டு எழுத வைத்தேன். யேசுதாசன் சார் இப்போது என் முகத்தைப் பார்த்தே பேசுகிறார். மறுபடி அடுப்பு பற்றவைத்த முதல் நாள் பிள்ளைகள் பாதிப் பேர் மூக்கைச் சுளித்தார்கள், மறைக்காமல் சொல்கிறேன். மோதிரம் இல்லையா அக்கா என்று கேட்டார்கள். இரண்டாவது வாரம் கடலைச் சட்டி காலியாகிவிட்டது. பாப்பா இடைவேளையில் வந்து தட்டு எடுத்துக் கொடுக்கிறாள். கோழிகள் இளைத்துவிட்டன.

ஐயாவு, வேலைக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டு வந்தான். விறகு பிளக்க வைத்துக்கொண்டேன். நான் இரக்கப்படவில்லை. தினமும் என் கண்முன்னே அவன் வேர்த்துக் கொட்டுவது எனக்குப் பிடித்திருக்கிறது. உங்களையும் அப்படி நிறுத்திப் பார்க்க ஆசைதான். சிங்கப்பூர் தூரமாகிவிட்டது.

தீபாவளிக்கு வருவதாகப் பாப்பாவுக்கு எழுதியிருக்கிறீர்கள். வர வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அவள் நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். நடந்ததை அவளிடம் நான் சொல்லவில்லை. நீங்களே சொல்லுங்கள், எப்படிச் சொல்கிறீர்கள் என்று பக்கத்தில் இருந்து கேட்கிறேன். உங்களுக்குக் கூடத்தில் பாய் விரித்து வைக்கிறேன். மூன்று வேளையும் சாப்பாடு இருக்கும். அதில் நான் யாருக்கும் குறை வைத்தவள் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மருந்தை நிறுத்த வேண்டாம். அந்த முருகன் உங்களுக்கு நோய்நொடி இல்லாமல் நூறு வயது கொடுக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறேன். நூறு வயதும் நீங்கள் காது நன்றாகக் கேட்கிற மனிதராக இருக்க வேண்டும். தோட்டத்திலும் டவுனிலும் பஸ் ஸ்டாண்டிலும் உங்களைப் பார்க்கிற ஒவ்வொரு பிள்ளையும், கேண்டீன் அக்கா வீட்டுக்காரரே என்று கூப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
சீனியின் மகள் வீரம்மா