பதினெட்டாவது சைகை

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நானும் சிட்டுவும் நலம். உங்கள் இருமல் நின்றதா? வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, இவளுக்கு என்ன திடீரென்று கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் உங்கள் குரல் மாறுவதைக் கேட்க வேண்டியிருக்கும். எனக்கு அந்தத் தெம்பு இல்லை.

தையல் கடைக்கு மறுபடியும் போகிறேன். அதே மெஷின், அதே ஆட்டம் காணும் நாற்காலி. பள்ளிக்கூடத்தில் சிட்டுவைப் பார்த்துக்கொள்ள ஒரு உதவி டீச்சரைப் போட்டிருப்பதாகச் சொன்னேன் அல்லவா? இனி நான் வகுப்புக்கு வர வேண்டியதில்லை என்று தலைமையாசிரியை சொன்னபோது துள்ளிக் குதித்திருக்க வேண்டும். "அம்மா கூடவே உக்காந்தா சேர்த்துக்கறோம்"னு அவர் சொன்ன ஒரு வார்த்தைக்காக இரண்டு வருடம் அந்தக் கடைசி பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தவள் நான். வாய்ப்பாடு எல்லாம் இப்போது எனக்குத் தலைகீழாகத் தெரியும்.

ஆனால் நான் குதிக்கவில்லை. அந்த உதவி டீச்சர் பெண்ணைப் பார்த்த நாளிலிருந்தே எனக்கு ஆகவில்லை. வயது இருபத்துநான்கு. நீளப் பின்னல். நான் வைத்த பெயர் பின்னல்காரி. மூன்றாம் நாளே சிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் வந்தால் தலையில் நேர் வகிடு, இறுக்கமான இரட்டைப் பின்னல். என்னிடம் சீப்பைக் கண்டாலே ஊரைக் கூட்டுகிறவள், அவளிடம் தலையைக் கொடுத்திருக்கிறாள்! வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்து, என் கோணல் வகிட்டையே எடுத்துவிட்டேன். நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு வயிறு எரிந்தது.

பேச்சு வராத பிள்ளை என்பதால், சிட்டு கையால் காட்டுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதித் தரச் சொன்னார்கள். தொண்டையைத் தொட்டால் தண்ணீர், முழங்காலைத் தட்டினால் கழிப்பறை. படம் போட்டுப் பதினேழு எழுதினேன். பதினெட்டாவதை எழுதவில்லை.

மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன்.

காது மடலைப் பிடித்து இழுத்தால் 'சத்தம் தாங்கவில்லை, வெளியே கூட்டிப் போ' என்று அர்த்தம். நாங்கள் பள்ளிக்கூடத்து மாடிப்படிக்கு அடியில் போய் நிற்போம். நெற்றியை என் தோளில் சாய்த்துக்கொள்வாள். மற்றபடி யாரையும் கட்டிக்கொள்ளாத பிள்ளை. அந்த இரண்டு நிமிடத்தை எப்படித் தூக்கிக் கொடுப்பது? எனக்கென்று ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

போன வாரம் பாட்டு வகுப்பில் காதை இழுத்திருக்கிறாள். "காது வலிக்குது போலக்கா, டாக்டர்ட்ட காட்டுங்க"னு பின்னல்காரி சொன்னாள். சரி பார்க்கிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன். திங்கட்கிழமை மறுபடியும் இழுத்திருக்கிறாள். யாருக்கும் புரியவில்லை. பின்னல்காரியின் கையைக் கடித்துவிட்டாள்.

தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். "இன்னொரு தடவை இப்படி நடந்தா நீங்களே வந்து உக்காருங்க, இல்லன்னா வீட்லயே வச்சுக்குங்க" என்றார். நீங்களே வந்து உக்காருங்க என்றதும் என் மனசு குளிர்ந்தது. ஆமாம், குளிர்ந்தது. நம் பிள்ளையின் படிப்பு ஊசலாடிக்கொண்டிருக்கிறது, பெற்றவளுக்குச் சந்தோஷம்.

வெளியே வந்தால் வராந்தாவில் அந்தப் பெண், கையில் கட்டு. மடியில் என் நோட்டு. ஓரமெல்லாம் நைந்து போயிருந்தது. "பதினேழையும் மனப்பாடம் பண்ணிட்டேன்க்கா. எங்கயோ நான்தான் தப்பு பண்றேன். என்னன்னு சொல்லிக்குடுங்க" என்றாள். அவள் கையிலிருந்து பேனாவை வாங்கி, அங்கேயே நின்றபடி பதினெட்டாவதை எழுதினேன். விட்டுப்போச்சு என்று பொய் சொல்ல வாயெடுத்தேன். பிறகு உண்மையையே சொன்னேன். அவள் நோட்டை வாங்கி நான் எழுதியதைப் படித்தாள். அப்புறம், "படிக்கட்டுக்கு அடியில எந்தப் பக்கம்க்கா?"னு மட்டும் கேட்டாள்.

நேற்று கடையில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுப் போய் ஜன்னலோரம் நின்றேன். மணி அடித்தது, பெஞ்சுகளை இழுத்தார்கள், சிட்டு காதைப் பிடித்தாள். பின்னல்காரி மாடிப்படிக்கு அடியில் கூட்டிப் போனாள், நான் தள்ளி நின்று பார்த்தேன். நெற்றி அவள் தோளில் சாய்ந்தது. இரண்டு நிமிடத்தில் இருவரும் வகுப்புக்குத் திரும்பிவிட்டார்கள். எரிச்சல் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. பார்த்துவிட்டு வந்து ஒரு சட்டைக்குக் கையைத் திருப்பித் தைத்துவிட்டேன்.

போன லீவில் நீங்கள் தூக்கப் போனதும் அவள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? "என்னை மறந்துட்டா"னு சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். நான் சிரித்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மன்னித்துவிடுங்கள். அந்தப் பதினெட்டாவதை உங்களுக்கும் நான் சொன்னதில்லை.

நோட்டைப் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். வருவதற்குள் பதினெட்டையும் படித்துவிடுங்கள். இந்த முறை அவள் காதை இழுத்தால் நீங்கள் கூட்டிப் போங்கள். குனிந்து, இடது தோளைக் கொடுங்கள், அவளுக்கு அதுதான் பழக்கம். நான் சமையலறையிலேயே இருந்துகொள்கிறேன். எட்டிப் பார்க்க மாட்டேன் என்று மட்டும் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் வாருங்கள்.

உங்கள்,
சிட்டுவின் அம்மா