மூன்று சக்கரக் காரின் சொந்தக்காரர்

முதலமடை
9 பிப்ரவரி 2025

என் தங்கச்சி பெற்ற மகளும் என் வீட்டுக்கு வந்த மருமகளுமான ரஜீனாவுக்கு, மாமு காஜா உசேன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நானும் உன் மாமி ஐசும்மாவும் நலம். மாந்தோப்பும் நலம். பனியில் பூ உதிர்ந்துவிட்டது என்று ஊரே புலம்புகிறது. என் குத்தகைத் தோப்பில் மட்டும் பூ உதிர மறந்துவிட்டது.

நீ போனை அணைத்து மேசைக்குள் போட்டதால், ஏழாம் கிளாஸோடு நின்ற கையைப் பேனா பிடிக்க வைத்துவிட்டாய். போன கடித உறையைப் பார்த்துத் தபால்காரர், "பாய், நீங்க வக்கீலுக்குப் படிச்சீங்களா?" என்று கேட்டார். படித்துப் பாதியில் விட்டேன் என்று சொல்லிவைத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஷெட் வேண்டும், வண்டியைக் கொண்டுபோய் விற்றுவிடுங்கள் என்றாய். குமுளியிலிருந்து மாங்காய் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த நாள் முதல் அதே வேலையாகத்தான் இருக்கிறேன். விற்பதென்றால் நாலு பேர் பார்க்க வேண்டாமா? அதனால் கோயம்புத்தூரில் பழைய கார் கண்காட்சிக்கு ஓட்டிப் போனேன்.

ஒரு பக்கம் லண்டன் கார், மூக்கு நீளம், விளக்கெல்லாம் பித்தளை. இன்னொரு பக்கம் அமெரிக்கா கார், கப்பல் மாதிரி. நடுவில் நம்முடையது. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, பெங்களூரில் எந்தக் காலத்திலோ செய்த ஃபைபர் உடம்பு, தேங்காய் ஓட்டைக் கவிழ்த்த மாதிரி. சத்தியமாகச் சொல்கிறேன், லண்டன் கார்ப் பக்கம் ஈ கூடப் போகவில்லை. போலீஸ் வந்து கயிறு கட்டித்தான் நம் கூட்டத்தை விலக்கியது.

ஒருத்தர் கேட்டார், "ஏனுங்க பாய், நாலாவது சக்கரம் எங்கீங்க?"

"அது ஊட்டுல இருக்குதுங்க. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு மட்டுந்தான் மாட்டறது."

சிரித்தார்கள் பார், மைதானமே அதிர்ந்தது. பிறகு என் மகன் ரியாஸ் கதையைச் சொன்னேன். வண்டிப்பெரியாரில் எஸ்டேட் ஷெட்டில் கோழி அடைந்து கிடந்த வண்டியை அவன் கண்டுபிடித்தது, லோயர் கேம்பிலிருந்து குமுளி வரைக்கும் மலை முழுக்க ரிவர்ஸ் கியரிலேயே ஏறியது, தமிழ்நாட்டு பஸ்ஸெல்லாம் ஒதுங்கி நின்று ஹாரன் அடித்து மரியாதை செய்தது. ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சொந்தக்காரர் வரலீங்களா?" என்று கேட்டார்கள். குமுளியில் ஏலக்காய் சீசன், அடுத்த தடவை வருவான் என்றேன்.

வேளைக்குச் சாப்பிடு. மாமி உனக்கு மாங்காய் உப்பில் போட்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
கோவை கார் கண்காட்சியின் சிறப்பு விருந்தினர்,
காஜா உசேன் ராவுத்தர்

பின்குறிப்பு: டிக்கெட் எடுத்துத்தான் போனேன். உள்ளே போன பிறகு எல்லோரும் விருந்தினர்தான்.


குமுளி
17 பிப்ரவரி 2025

மாமுவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

கடிதம் கிடைத்தது. மாமியின் முட்டுவலி எப்படி இருக்கிறது?

அவர் ரிவர்ஸில் மலை ஏறவில்லை. அந்த வண்டி நேராகவே ஏறாது. லோயர் கேம்ப் தாண்டி இரண்டாவது வளைவில் நின்றுவிடும். நான் இறங்கித் தள்ளுவேன். பஸ்காரர்கள் மரியாதைக்கு ஹாரன் அடிக்கவில்லை, வழி விடச் சொல்லி அடித்தார்கள்.

அடுத்த தடவை வருவார் என்று ஏன் சொன்னீர்கள்? போன ஜூனில், அந்த மழையில், கடையில் ஏலக்காய் எடை போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கபருக்குள் இறங்கி நின்று மகனைக் கையில் வாங்கியவர் நீங்கள். உங்களுக்கு நான் எழுதித் தெரிவிக்க வேண்டியதில்லை.

இங்கே எல்லாம் நடக்கிறது. நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடிந்த மறுநாளே கடையைத் திறந்தேன். வியாபாரம் பரவாயில்லை. சமைக்கிறேன். உப்பு இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரிவதில்லை. ஏலக்காய் தரம் பிரிக்க வரும் சுருளியம்மாள்தான் வாயில் வைத்துப் பார்த்துச் சொல்கிறாள். போனைத் திறந்தால் அவர் கடைசியாக அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் மேலேயே இருக்கும். அதனால் திறப்பதில்லை.

வண்டியை விற்றுவிடுங்கள். கதை வேண்டாம்.

ரஜீனா


முதலமடை
26 பிப்ரவரி 2025

அன்பு மருமகள் ரஜீனாவுக்கு, மாமுவின் ஸலாம்.

நீ சொன்னபடியே ரிவர்ஸ் கதையை விட்டுவிட்டேன். பாலக்காடு கோட்டை மைதானத்தில் நடந்த கண்காட்சியில் உண்மையை மட்டுமே சொன்னேன். ரியாஸ் ஸ்டியரிங்கில், அவன் பெண்டாட்டி பின்னால் ஒற்றைக் கையால் தள்ளுகிறாள், மறு கையில் குடை, தலையில் ஏலக்காய் மூட்டை. மழை கொட்டுகிறது. எதிரே யானை. யானையே ஒதுங்கி வழிவிட்டது.

யானை மட்டும் நான் சேர்த்தது. உப்பில்லாத கறியை யார் சாப்பிடுவார்கள்? எழுதிய பிறகுதான் நீ உப்பைப் பற்றி எழுதியது ஞாபகம் வந்தது. அடிக்க மனமில்லை, தாள் அசிங்கமாகிவிடும். கோபித்துக்கொள்ளாதே.

நம் வண்டிக்குக் கோப்பை கொடுத்தார்கள்! விசித்திர வாகனங்கள் பிரிவில் மூன்றாம் பரிசு. மூன்று சக்கரத்துக்கு மூன்றாம் பரிசு பொருத்தம்தான். ஆனால் முதலமடையில் முதல் பரிசு என்று சொல்லியிருக்கிறேன், யாராவது கேட்டால் மாற்றிச் சொல்லிவிடாதே. அந்தப் பிரிவில் மொத்தம் மூன்று வண்டிதான் என்பதையும் நீ யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. மாமி அதைக் கழுவித் துடைத்து அலமாரியில் ரியாஸின் வாட்ச் பக்கத்தில் வைத்துவிட்டாள். அவள் இப்போதெல்லாம் பேசுவதில்லை.

முக்கியமான செய்தி இனிமேல்தான். கொச்சியிலிருந்து மிக்கேல் என்று ஒருத்தர் வந்திருந்தார். அபூர்வமான கார்களை ஏலம் விடுகிற ஆள். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார், குனிந்து அடியில் டார்ச் அடித்தார். "சேட்டா, இது மாதிரி ஓடற நிலைமையில நான் பார்த்ததே இல்ல" என்றார். ஏப்ரலில் கோயம்புத்தூரில் ஏலம், நம் வண்டி பட்டியலில் வந்துவிட்டது. ஆர்சி புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "ஓனர் ரியாஸ் வந்து கையெழுத்துப் போடணும்" என்றார்.

வருவான் என்றேன்.

கேட்கிறவர் முகத்தைப் பார்த்தால் வேறு சொல் வாயில் வருவதில்லை. நீ திட்டாதே. நோன்பு பிறக்கப் போகிறது, திட்டினால் உனக்குத்தான் நன்மை குறையும்.

இப்படிக்கு,
பாலக்காடு கோட்டை மைதானத்தின் கோப்பை நாயகன்,
காஜா உசேன் ராவுத்தர்


குமுளி
20 மார்ச் 2025

மாமுவுக்கு, ஸலாம்.

நேற்று கடைக்குத் தபால் வந்தது. மேலே "திரு. ரியாஸ் அவர்கள், குமுளி" என்று அச்சடித்திருந்தது. அவர் பெயருக்குத் தபால் வந்து ரொம்ப மாதமாகிறது. நான் பிரிக்கவில்லை, தராசுத் தட்டில் வைத்துவிட்டு நின்றேன். சுருளியம்மாள்தான் பிரித்தாள். "யாருக்கோ கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு தாயி, வழவழன்னு" என்றாள். ஏல அழைப்பிதழ். நம் வண்டியின் படம் போட்டு, உரிமையாளர் மேடைக்கு வந்து வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார் என்று எழுதியிருந்தது. முன் வரிசையில் அவருக்கு இருக்கையாம். உள்ளே மிக்கேல் கையால் எழுதியிருந்தார்: "உங்கள் தந்தை உங்களைப் பற்றிச் சொல்லாத நாள் இல்லை. நேரில் பார்க்க ஆசைப்படுகிறேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. யாரும் கேட்கவில்லை என்பதால் நானே சொல்கிறேன், இன்றுவரை ஒரு தடவையும் வரவில்லை. நோன்பு பிடிக்கிறேன், பசி தெரிவதில்லை. பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போடுகிறேன். அவ்வளவுதான்.

மாமு, இத்துடன் மரணச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் என் சம்மதக் கையெழுத்தும் வைத்திருக்கிறேன். மிக்கேலுக்கு நானே எழுதித் தெரிவித்திருக்கலாம். எழுதமாட்டேன். நீங்கள்தான் வருவான் வருவான் என்று சொன்னீர்கள், நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். தாளை நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்ளக் கூடாது.

நீங்கள் ஊர் ஊராகப் போய் அவரை உயிரோடு வைத்திருக்கிறீர்கள். சாயங்காலம் திரும்பி வந்து மாமி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள். நான் இங்கே தினமும் ஒரே ஆளாக அவர் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாங்க வருகிறவர்கள், பழைய பாக்கிக்காரர்கள், பாங்க், சுற்றுலாக்காரர்கள் எல்லோருக்கும். அந்த வண்டியைத் தள்ளியது போல எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.

உங்களால் சொல்ல முடியாவிட்டால் வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எனக்கு இனி எழுத வேண்டாம். வருகிற கடிதத்தை நான் பிரிக்கமாட்டேன்.

பெருநாளுக்கு மாமிக்குச் சேலை அனுப்புகிறேன்.

ரஜீனா


முதலமடை
15 ஏப்ரல் 2025

ரஜீனாவுக்கு, மாமுவின் ஸலாம்.

நீ இதைப் பிரிப்பாயா என்று தெரியாது. பிரித்திருந்தால் படி.

ஞாயிற்றுக்கிழமை ஏலம். பெரிய ஹோட்டல், புல்வெளியில் பந்தல். மகாராஜாக்கள் மாதிரி ஆட்கள். ஒருத்தர் வைத்திருந்த காருக்குக் கதவு மேலே பார்த்துத் திறந்தது. அதைப் பற்றி நிறைய எழுதலாம். இன்னொரு நாள் எழுதுகிறேன்.

காலையிலேயே மிக்கேலிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் சட்டைப்பையில் தாளை வைத்திருந்தேன். அவர் ஓடிக்கொண்டே இருந்தார். "மகன் எத்தியோ, வந்தாச்சோ சேட்டா?" என்று தூரத்திலிருந்து கையசைத்தார். நானும் கையசைத்தேன்.

பிறகு நம் வண்டியின் முறை வந்தது. இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்து மேடைக்கு முன்னால் நிறுத்தினார்கள். சிரிப்பு எழுந்தது. மைக்கில், உரிமையாளர் ரியாஸ் அவர்கள் மேடைக்கு வரவும் என்று கூப்பிட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். முன் வரிசையில் அந்த நாற்காலி காலியாக இருந்தது, அதில் பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன் ரஜீனா. வாசலைப் பார்த்தேன்.

மூன்றாவது தடவை கூப்பிடுவதற்குள் மேடை ஏறிவிட்டேன். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். இவ்வளவு நாள் மைக் இல்லாமலே பேசியவன்.

"ரியாஸ் என் மகனுங்க. போன வருஷம் மவுத்தாயிட்டானுங்க. வரமாட்டானுங்க" என்றேன்.

அவ்வளவுதான் வந்தது. யானை ஒன்றும் வரவில்லை. மிக்கேல் பக்கத்தில் வந்து நின்றார். தாளைக் கொடுத்தேன். படித்துவிட்டு என் தோளில் கை வைத்தார். ஏலத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

பின் வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். ஆனைகட்டியில் மாட்டு டாக்டராம், பெயர் யோகப்பிரியா. "ஏனுங்கய்யா, மேடு ஏறுமுங்களா? எங்கூரு முச்சூடும் மேடுங்க" என்று கேட்டார். வாய் தானாகத் திறந்தது. ஆகாயம் வரைக்கும் ஏறும் என்று சொல்லியிருப்பேன். சொல்லவில்லை.

"ஏறாதுங்க. இறங்கித் தள்ளோணும்."

"யாரு தள்றது?"

"பக்கத்துல உக்காந்திருக்கறவங்க."

அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். முன்பு சிரித்த சிரிப்பு இல்லை. ஏலத்தில் வண்டியை அவர்களே எடுத்தார்கள். பணம் உன் பெயருக்கு வந்து சேரும், மிக்கேல் பார்த்துக்கொள்வார்.

பஸ்ஸில் திரும்பி வந்தேன். மாமி வண்டிச் சத்தம் கேட்கவில்லையே என்று வாசலுக்கு வந்தாள். விற்றாயிற்று என்றேன். "ரியாஸ் இல்லைன்னு சொல்லிட்டீங்களா?" என்றாள். சொல்லிவிட்டேன் என்றேன். அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை, நான் அவளிடம் எதுவும் சொன்னதில்லை. சோறு போட்டாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

வருவான் என்று சொன்ன நாளெல்லாம், வீடு வந்து சேரும்வரை எனக்கு அவன் வருவது போலவே இருக்கும். இனி அது இல்லை.

உன் கை ஓய்ந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். இனி இந்தப் பக்கம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

காஜா உசேன்


குமுளி
24 ஏப்ரல் 2025

மாமுவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

கடிதத்தைப் பிரித்தேன். சுருளியம்மாள் பிரிக்கவில்லை, நானேதான்.

ஷெட்டில் ஏலக்காய் மூட்டை அடுக்கியாயிற்று. தரையில் மூன்று சக்கரமும் நின்ற தடம் இருக்கிறது. முன் சக்கரத் தடத்தின் மேல் மட்டும் மூட்டை வைக்கவில்லை. காரணம் ஒன்றுமில்லை. இடம் போதுமானதாக இருந்தது.

போனை இன்னும் திறக்கவில்லை. நீங்கள் எழுதுங்கள். கதவு மேலே திறக்கிற காரைப் பற்றி எழுதுவதாகச் சொன்னீர்கள், அதை எழுதுங்கள்.

அந்த டாக்டரம்மாவிடம் ஒன்று சொல்ல வேண்டும். மறந்துவிடாதீர்கள். தள்ளும்போது பின்னால் இடது ஓரத்தில் கை வைக்க வேண்டும். வலது பக்கம் ஃபைபர் உள்ளே அமுங்கும். வண்டி கிளம்பிவிட்டால் உடனே ஏறிக்கொள்ளலாம் என்று ஓடக்கூடாது. மேட்டில் நின்றால் மறுபடி அணைந்துவிடும், அதனால் அவர் நிறுத்தமாட்டார். வளைவு தாண்டி, ரோடு சமமாகிற இடத்தில்தான் நிறுத்துவார். அங்கே நிற்பது கீழேயிருந்து தெரியாது. அதுவரை பின்னாலேயே நடந்து போக வேண்டும்.

ரஜீனா