ஆம்பளைப் பிள்ளைக்கு எதற்கு ஊசி

அன்பு மகன் டைட்டசுக்கு, காரைக்காலிலிருந்து அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மருமகள் கிறிஸ்டியும் பேரன் அட்ரியனும் பாரீசில் நோய்நொடியில்லாமல் இருக்க சர்வேசுரனை மன்றாடுகிறேன். இங்கே நான் இருக்கிறேன், அவ்வளவுதான். ஒரு வாரமாக அடைமழை, அரசலாறு கரையைத் தொட்டு ஓடுகிறது, கல்லறைத் தோட்டத்தில் அம்மாவின் சிலுவை சாய்ந்துவிட்டது, வெயில் வந்ததும் கொத்தனாரைக் கூட்டிப்போக வேண்டும். முழங்கால் வலி அப்படியேதான், மாத்திரை தவறாமல் போடுகிறேன்.

இந்தச் சங்கதியைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் தபால். ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்டி பேசினாள். அட்ரியன் பள்ளிக்கூடத்தில் புற்றுநோய் வராமலிருக்க ஊசி போடுகிறார்களாம், தாய் தகப்பன் இருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம், அவள் போட்டுவிட்டாளாம், நீ மட்டும் "பொம்பளைங்களுக்கு வர்ற நோவு, ஆம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஊசி" என்று தாளை அலமாரியில் வைத்துவிட்டாயாம். உன்னைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. போன மாதம் கோட்டுச்சேரி கோயிலில் ஒரு டாக்டரம்மா இதே ஊசியைப் பற்றிப் பேச வந்தபோது பெண்கள் உள்ளே உட்கார்ந்து கேட்டார்கள், ஆண்கள் நாங்கள் வெளியே நின்று கேலி பேசிக்கொண்டிருந்தோம். பங்கு மன்றத்து ஜான்பீட்டர், "எம் பொண்ணு என்ன தப்பாவா போகப்போறா, அவளுக்கு எதுக்கு இது?" என்றான். எனக்குப் பதில் தெரியும், ஆனாலும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன்.

அந்தப் பதில் ஒன்பது வருடமாக என்னை அரிக்கிறது. அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று என்று தெரிந்த அன்று புதுச்சேரி டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இது ஒரு கிருமியால் வருவது, ஆண் பெண் உறவில் பரவும், ஆணுக்குத் தெரியாமலே வருடக்கணக்கில் உடம்பில் இருக்கும், அவனுக்கே தொண்டையில் புற்றாகவும் வரலாம் என்றார். யாரிடமிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாதென்றும் சொன்னார். ஆனால் உன் அம்மா பதினெட்டு வயதில் என்னைக் கட்டியவள், வேறொருவனை ஏறிட்டுப் பார்த்தவளில்லை. கல்யாணத்துக்கு முன் மும்பையில் மூன்று வருடம் நான் எப்படி இருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். வெட்கத்தில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. கடைசி மாதம் அவள், "நான் என்ன பாவம் செஞ்சேன், எனக்கு ஏன் அந்த எடத்துல வந்துச்சு?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள், சாமியாரை வரவழைத்து இல்லாத பாவத்துக்கெல்லாம் பாவசங்கீர்த்தனம் செய்தாள். நான் பக்கத்தில் கஞ்சியை ஆற்றிக்கொண்டு நின்றேன். உன் பாவமில்லை இருதயமேரி என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. தன்னையே பாவி என்று நம்பிக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தாள். டைட்டஸ், நான் பெரிய கோழை.

அட்ரியனுக்குப் பன்னிரண்டு வயது, இந்த வயதில் போட்டால்தான் நன்றாகப் பிடிக்குமாம். அவனுக்கும் நல்லது, நாளைக்கு அவன் கட்டப்போகிறவளும் ஒரு வீட்டுப் பெண்தானே. அடுத்த மாதக் கடைசி வரை நாள் இருக்கிறது என்றாள் கிறிஸ்டி, கையெழுத்தைப் போட்டுவிடு. இதைப் படித்துவிட்டு நீ என்னோடு பேசாமல் போனாலும் அது எனக்குத் தகும்.

தேவமாதா உங்கள் மூவரையும் காப்பாளாக. குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. இந்தக் கடிதத்தை ஒளித்து வைக்காதே, கிறிஸ்டியிடம் கொடு. இந்த வீட்டு ஆண்பிள்ளைகள் பெண்டாட்டியிடம் மறைத்தது என்னோடு போகட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
இஞ்ஞாசி