விடுப்பு விதியில் நண்பனுக்கு இடமில்லை

மச்சான்,

இன்று காலை சிராங்கூன் சாலையில் ஒரு நாட்டுமருந்துக் கடைக்குள் நுழைந்தேன். மாமியார் வசம்பு வாங்கிவரச் சொல்லியிருந்தார். கடைக்கார அம்மா ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "பிள்ளை வளர்ப்பான்னும் இதுக்குப் பேரு இருக்கு தம்பி, தெரியுமா?" என்றார். எனக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் அந்தக் காட்டமான வாசனை நன்றாகத் தெரியும். தெம்பனிஸில் உன் வீட்டுக் கதவைத் திறந்தபோது முதலில் வந்து மோதியது அதுதான்.

ஆமாம், எனக்கும் அடுத்த மாதம் பிள்ளை பிறக்கப்போகிறது. "இவ்ளோ லேட்டாவாடா" என்று நீ சிரித்திருப்பாய். சிரித்துக்கொள். நீ இல்லாத இத்தனை வருஷத்தில் உன்னிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றிய சேதி இதுதான்.

சாங்கி விமான நிலையத்தில் சரக்கு இறங்கும் இடத்தில் நம் சுங்கக் கவுன்டர் இருந்ததே, அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. சிங்கப்பூரில் அரசாங்க வேலை என்றால் ஏசியில் உட்கார்ந்து முத்திரை குத்துவது என்று வெளியே நினைக்கிறார்கள். ஆண்டு இறுதியில் லாரிக்காரர்கள் வரிசை கட்டி நிற்கும்போது சாப்பிடப் போக முடியாமல் நாம் இருவரும் மாறிமாறி பிஸ்கட் கடித்தது அவர்களுக்குத் தெரியாது. அப்படி ஒரு ஆண்டு இறுதியில்தான் உன் மகள் பிறந்தாள்.

உன் மனைவிக்கு அறுவை சிகிச்சை செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். அவருடைய அம்மா நாகப்பட்டினத்தில் படுக்கையில் இருந்தார், வர வழியில்லை. உன் வீட்டிலும் பெரியவர்கள் யாருமில்லை. நீ தந்தையர் விடுப்பு முழுவதையும் ஒரே மூச்சில் எடுக்கப்போவதாகச் சொன்னாய். அதோடு உன் சொந்த விடுப்பையும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னாய். அதுவரை நம் பிரிவில் யாரும் அப்படி எடுத்ததில்லை. ஆளுக்கு ஓரிரு நாள் எடுப்பார்கள், மீதியை "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். விதியில் விடுப்பு இருந்தது. எடுக்கிற பழக்கம்தான் இல்லை.

நம் மேலதிகாரி சிவநாதன் உன்னை அழைத்தார். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கே அரசாங்க வேலை. அவர் மேசையில் பேனாகூட நேராகத்தான் படுத்திருக்கும். பணிப் பட்டியலைக் காட்ட என்னையும் கூப்பிட்டிருந்தார், அதனால் எல்லாம் என் காதுபடவே நடந்தது.

"நான் வேணாம்னு சொல்லல. கொஞ்சம் பிரிச்சு எடுங்க. இப்ப பீக் சீசன், உங்களுக்கே தெரியும்."

"பிரிச்சு எடுக்கலாம் சார். ஆனா அதுக்கு நானும் சரின்னு சொல்லணும்ல. நான் சொல்லல."

"டீம் கஷ்டப்படுமே."

"படும் சார். அங்க என் வைஃப் எழுந்து உட்கார முடியாம இருக்காங்க. என் பிள்ளை பீக் சீசன் பாத்துப் பொறக்கல லா."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ குரலை உயர்த்தவில்லை, கெஞ்சவும் இல்லை. வரவேண்டிய ஒன்றை வாங்க வந்தவன் போல நின்றாய். சிவநாதன் சார் முகத்தைச் சுருக்கிக்கொண்டே அனுமதி கொடுத்தார். அவர் விதியை மீறுகிறவர் இல்லை. விதி நம் பக்கம் இருக்கும்போதும் மீறமாட்டார் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

வெளியே வந்ததும் உன்னிடம் கேட்டேன், "அடுத்த புரமோஷன் போச்சுன்னா?" நீ சொன்னாய், "போனா அடுத்த வருஷம் வரும்டா. இவ அடுத்த வருஷம் இவ்ளோ சின்னதா இருக்கமாட்டா."

உன் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. மனதுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டேதான் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன். தோளில் துண்டு, சட்டையெல்லாம் ஈரம், கண்ணில் தூக்கமே இல்லை. மகளைக் குளிப்பாட்டிவிட்டு வசம்பைச் சுட்டு உரசிக்கொண்டிருந்தாய். அது எதற்கு என்று உனக்கே சரியாகத் தெரியவில்லை, மனைவி உள்ளே படுத்துக்கொண்டே சொல்லச் சொல்லச் செய்தாய். என்னைப் பார்த்து, "கவுன்டர்ல இருக்கும்போது உனக்கு என்னைத் திட்டவாச்சும் நேரம் கிடைக்குது. இங்க மூச்சு விட நேரமில்ல" என்றாய். இதை லீவு என்று எவன் பெயர் வைத்தான் என்றும் கேட்டாய். அப்படிக் கேட்டபோது உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

அந்தப் பதவி உயர்வு உனக்குத் தள்ளிப்போகவும் இல்லை. நாங்கள்தான் வீணாகப் பயந்துகொண்டிருந்தோம்.

உன் மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய ஆண்டில், ஒரு காலைப் பொழுதில், உன் மைத்துனர் எனக்குப் போன் செய்தார். வேலைக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம், பிறகு எழவில்லை. "மதியம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் அடக்கம் அண்ணே. சுவா சூ காங் கபர்ஸ்தான்ல" என்றார். நான் சாங்கியில் இருந்தேன். தீவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகவேண்டும். பணிக்கு வரவேண்டிய இன்னொருவர் மருத்துவ விடுப்பில், கவுன்டரில் நான் மட்டும்.

சிவநாதன் சாரிடம் போய் நின்றேன். சேதியைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நெருங்கின சொந்தம் இறந்தாத்தான் துக்க லீவு. நண்பர்னு விதியில ஒரு வரி இல்ல."

"தெரியும் சார்."

"நீங்க போங்க. கவுன்டர்ல நான் நிக்கிறேன். எந்த லீவுன்னு நாளைக்குப் பேசிக்கலாம்."

கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு அவர் உன் இடத்தில் போய் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். லாரிக்காரர்கள் அன்று ரொம்ப நேரம் காத்திருந்தார்களாம். அவருக்குக் கணினியில் பாதி மறந்துபோயிருந்தது. யாரும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது உன்னைக் குழிக்குள் இறக்கிவிட்டிருந்தார்கள். உன் மைத்துனர் என்னைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கி வழிவிட்டார். எல்லாரையும் போல நானும் மண்ணை அள்ளிப் போட்டேன். என்ன சொல்லிப் போடவேண்டும் என்று தெரியவில்லை. உன் பெயரைச் சொன்னேன்.

மறுநாள் சார் கேட்டார், வேறு ஏதாவது வழியில் அந்த நாளைச் சரிக்கட்ட மேலே எழுதிக் கேட்கட்டுமா என்று. வேண்டாம் என்றேன். "என் ஆண்டு விடுப்புல கழிச்சிக்குங்க சார். என் நாளைத்தான் அவனுக்குக் கொடுத்தேன்." அவர் தலையசைத்தார். விதியில் உனக்கு ஒரு வரி இல்லையே என்று எனக்குக் கோபம் வரவில்லை. யாரோ எனக்காக ஒதுக்கித் தந்த நாளாக இல்லாமல், என் கையில் இருந்த நாளாக அது இருந்ததில் ஒரு நிறைவுதான்.

சில மாதம் கழித்து உன் மனைவியைத் தேக்கா சந்தையில் பார்த்தேன். ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டுமென்று, அந்த விடுப்பு நாட்களிலாவது குழந்தையோடு முழுதாக இருந்தானே என்றேன். அவர் என்னை நேராகப் பார்த்தார். "அது போதும்னு நான் சொல்லமாட்டேன் அண்ணே. எதுவும் போதாது. ஆனா இருந்தாங்க. அத யாராலயும் எடுக்க முடியாது."

சிவநாதன் சார் ஓய்வு பெற்றுவிட்டார். தந்தையர் விடுப்பு இப்போது உன் காலத்தைவிடக் கூடியிருக்கிறது, அப்பாவும் அம்மாவும் பகிர்ந்துகொள்ளும் விடுப்பும் தனியாக வந்துவிட்டது. நம் பிரிவில் இளைய அப்பாக்கள் கூச்சமில்லாமல் எடுக்கிறார்கள். முதலில் எடுத்தவன் யார் என்று அவர்களுக்குத் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை.

போன வாரம் நானும் விண்ணப்பித்தேன். புதிய மேலதிகாரி நம்மைவிட வயதில் சிறிய பெண். திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்.

"முழுசாவா அண்ணா? ஒரே நேரத்துலயா?"

"முழுசா. ஒரே நேரத்துல."

காரணம் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே அனுமதித்தார். நான் என் இருக்கைக்குத் திரும்பி, அடுத்த லாரிக்காரரைக் கூப்பிட்டேன்.