மங்கலத்துக்காரங்க திருப்பி எடுத்துட்டுப் போன உப்பு

திருப்பூர்
5-9-74

அன்பு மகன் லிங்கசாமிக்கு, உன்ற பெரியம்மா முத்தாயி ஆசீர்வாதம் பண்ணி எழுதிக்கறது. சிவன்மலை ஆண்டவன் புண்ணியத்துல இங்க நாங்க மூணு பேரும் சௌகரியமா இருக்கறோம், பம்பாயில நீயும் அப்படியே இருக்கோணும்னு தெனமும் விளக்கு வெக்கறப்ப சொல்லிக்கறேன். உன்ற காகிதம் வந்துச்சு. அதைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறலை. உன்ற தங்கச்சி மயிலாளை மங்கலத்து மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கேட்ட மாதிரியே சத்தியம் பண்ண வெச்சுக் கல்யாணத்தை முடிச்சுப்போடுங்கன்னு நோகாம எழுதிப்போட்டே. நடந்தது உனக்கு அரைகொறையாத்தான் தெரியும், முழுசாச் சொல்றேன் கேளு.

அன்னிக்கு அவங்க உப்புச் சக்கரை மாத்த வந்தாங்க. ரெண்டு ஊட்டு உப்பும் சக்கரையும் கை மாறிருச்சுன்னா கல்யாணம் உறுதியாச்சு. அவங்க தட்டும் நம்ம தட்டும் நடு ஊட்டுல இருக்குது, ராகு காலம் போகட்டும்னு உக்காந்திருக்கறோம். உன்ற பெரியப்பாவுக்குச் சும்மா இருக்க முடியுதா, பையன் பம்பாயில இருந்து வாங்கியனுப்புனதுங்கன்னு பெருமையா ரேடியோவைத் திருகிப்போட்டாரு. வாராவாரம் வருதே அந்தச் சிரிப்பு நாடகம், அது ஆரம்பிச்சிருச்சு. அதுல வர்ற மாமியார் கிருத்திகை விரதம்னு சொல்லிப்போட்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தின்னுபோட்டு மயக்கமா வருதுன்னு மருமக மேல சாயறா. சமையக்கட்டுல இருந்து மயிலா சிரிச்சா பாரு, ஊடே அதிருது. மாப்பிள்ளைப் பையன் பழனிமுத்துவும் சிரிச்சுப்போட்டு, அவங்கம்மா மூஞ்சியைப் பாத்ததும் துண்டுல வாயை மூடிக்கிட்டான். அந்தம்மா ரங்காத்தாள் கிருத்திகை தவறாதவங்க. மாமியாரைக் கேலி பண்ற நாடகத்துக்கு இந்தச் சிரிப்புச் சிரிக்கற புள்ள நாளைக்கு என்னைய மதிக்குமாங்கன்னு கேட்டாங்க. உன்ற பெரியப்பா வாயை வெச்சுக்கிட்டு இருக்காம, நாடகந்தானுங்க, நானே என்ற சம்சாரத்தை நெனச்சுத்தானுங்க வாராவாரம் சிரிக்கறேன்னு சொல்லிப்போட்டாரு. அவங்க எந்திரிச்சுக் கொண்டுவந்த உப்பைத் தட்டோட எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. ஊட்டுக்குள்ள வந்த உப்பு திரும்பிப் போறதை நீ எங்கியாச்சும் கண்டிருக்கறியா சாமி.

எனக்கும் அந்த நாடகம் ஆகாது. சாமி காரியத்தைச் சிரிப்பாக்கறது பாவம்னு ரெண்டு பேருகிட்டயும் தொண்டை வத்தக் கத்தியாச்சு. உன்ற முருகனே கேட்டாலும் சிரிப்பான்னு அவரு சொல்றாரு. விரதத்தைப் பாத்து நான் சிரிக்கல பெரியம்மா, அந்த வாழைப்பழத்துக்குத்தான் சிரிச்சேன்னு இவ சொல்றா. அப்பறந்தான் தரகர் கன்னையன் வந்தாரு. புள்ள சிவன்மலையில முருகன் முன்னால சூடத்தை அணைச்சு, இனிமே அந்த நாடகத்தைக் கேக்க மாட்டேன், வாய்விட்டுச் சிரிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணோணும், பண்ணுனா உப்பு மறுபடியும் வருமுங்கன்னாரு. பெத்தவ இல்லாத வளத்தி, அதான் பயம் இல்லைன்னும் அந்தம்மா சொன்னாங்களாமா.

இதுக்குத்தான் நீ ஒத்துக்கச் சொல்றே. உங்கம்மா போனப்ப நீ பெரியவன், வேலைக்குப் போயிட்டே. மயிலா சின்னது. சோறு தின்னும், சொன்ன வேலை செய்யும், சிரிப்பு மட்டும் கெடையாது, கூப்புட்டாக்கூடத் திரும்பிப் பாக்கும் அவ்வளவுதான். அது கையைப் புடிச்சுக்கிட்டுச் சிவன்மலைப் படியேறி, இந்தப் புள்ள வாய்விட்டுச் சிரிச்சா முடி எறக்கறேன்னு நான் வேண்டிக்கிட்டேன். எறக்குனதும் அதுக்குத்தான். லீவுக்கு வந்த நீ மொட்டைத் தலையைப் பாத்தே, எதுக்குன்னு கேக்கல. அதே முருகன் முன்னால இனிமே சிரிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ண அவளை எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் கூட்டிப்போறது. உப்பு அவங்க ஊட்டுலயே இருக்கட்டுமுங்கன்னு கன்னையன்கிட்டச் சொல்லியனுப்பிச்சுட்டேன்.

கோவத்துல எழுதறேன்னு நெனைக்காத கண்ணு. சனிக்கிழமை தவறாம எண்ணெய் தேச்சுக் குளி, கண்ட கடையில திங்காத. மயிலாளுக்குத் தனியா ஒரு காகிதம் போடு, அதுல புத்தி சொல்லாத. நீயும் அவளும் ஒரு கொறையும் இல்லாம நூறு வருசம் இருக்கோணும், அந்த ஆண்டவன் பாத்துக்குவான். நாடகம் எனக்கு இன்னும் புடிக்கல, அது வர்ற நேரத்துக்குக் கொல்லைப்பக்கம் பாத்திரம் தேய்க்கப் போயிக்கறேன். அங்கயும் அவ சிரிக்கறது கேக்குது, கேட்டுட்டுப் போகட்டும்.

உன்ற பெரியம்மா
முத்தாயி